கட்டிக் கிடந்த சின்னத் தோணி

உளுந்தூர்பேட்டை பஸ் நிலையம். விடிந்தும் விடியாத நேரம். விருத்தாசலம் வண்டி எந்தப் பக்கம் வந்து நிற்கும் என்று தெரியாமல், ஒரு டீக்கடை ஓரமாக நாங்கள் எட்டுப் பேரும் கும்பலாக நின்றிருந்தோம். என் இடுப்பில் ஓரகத்தியின் சின்னப் பிள்ளை தூங்கி வழிந்தது. கையில் புளிச்சோற்றுத் தூக்கு. அதிலிருந்து எண்ணெய் கசிந்து, அன்றைக்கென்று நான் எடுத்து வைத்திருந்த மாம்பழ நிறப் புடவையில் ஒரு கோடு போட்டிருந்தது.

எதிரில் என் கணவர் நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய அண்ணன் யூரியா விலையைப் பற்றி ஏதோ சொல்ல, இவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுக்குப் போறவங்கல்லாம் இப்பவே போய்க்கினு வந்துருங்க. அப்பறம் வழியில நிறுத்துன்னா எவனும் நிறுத்த மாட்டான்" என்று என் மாமியார் உரக்கச் சொன்னார். டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்தப் பயணத்துக்குப் போக வேண்டியவர்கள் இரண்டே பேர். அவரும் நானும். மற்ற ஆறு பேர் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

அங்கே நிற்கும்போது எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. திருடப் போகிற இடத்துக்குக் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு வெட்கம்.

கதவு இல்லாத வீடு

நான் பால்வாடி டீச்சராக வேலைக்குச் சேர்ந்த கதையைப் படித்த சிலர், "இத்தனை வாரமாக எழுதுகிறீர்கள், உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரி இல்லையே" என்று கேட்டிருந்தார்கள். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இந்த நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

அவர் பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. சில வருஷம் அதுவும் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருஷம் ஓடியிருந்தது. மூன்று வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு கோடை விடுமுறைகூடத் தேறாது.

களமருதூரில் எங்கள் வீடு என்பது ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, பின்னால் மாட்டுக் கொட்டகை. தெருக்கதவைத் தவிர வேறு கதவு கிடையாது. கூடத்தில் மாமியார், நாத்தனார் வசந்தா, நான். மாமனார் நான் வருவதற்கு முன்பே தவறிவிட்டார். என் கணவரின் அண்ணன் குடும்பம் அதே தெருவின் கோடியில் தனியாக இருந்தது. என் வீட்டுக்காரர் லீவில் வந்தால் கூடத்தின் நடுவில் ஒரு பழைய போர்வை தொங்கும். அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த சுவர். போர்வைக்கு அந்தப் பக்கம் மாமியார் புரண்டு படுக்கும்போது வளையல் சத்தம் கேட்கும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்போம்.

கடிதம் வரும். மாமியார் பெயருக்குத்தான் வரும். வசந்தா அதைத் தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பாள். மாடு கன்று போட்டதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகு, கடைசியில் "தனத்தைக் கேட்டதாகச் சொல்லவும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி வரும்போது நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். அந்த ஒரு வரிக்கே எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அந்தக் காலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் நாலு பேர் பார்க்க ஒட்டி நின்றால் பேச்சாகிவிடும். எலவனாசூர்கோட்டைத் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர், தன் பெண்டாட்டி தொலைந்துபோய்விடக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவ்வளவுதான் செய்தார். சாகும்வரை அவருக்கு 'கைப்புடி' என்றுதான் பெயர். அவருடைய பேரன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது வாத்தியாரே "கைப்புடி பேரனா?" என்று கேட்டாராம்.

மோட்டார் கொட்டகை

அந்த வருஷம் அவர் பங்குனிக் கடைசியில் வந்தார். வந்த லீவில் பாதி வசந்தாவுக்கு மாப்பிள்ளை பார்ப்பதில் போயிற்று. மீதியில் கிணறு தூர் வாரினார்கள். சொந்தக்காரர்கள் வந்து போனார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் சோறு வடித்துப் போட்டே என் நாட்கள் தீர்ந்தன. ஒரு முழு வாக்கியம் அவரோடு பேசியதாக எனக்கு நினைவில்லை.

ஒரு மத்தியானம் மோட்டார் கொட்டகைக்குக் கூழ் எடுத்துக்கொண்டு போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. அது தெரிந்துதான் அவர் பேசினார்.

"தனம், எங்கனா போலாமா? நாம ரெண்டு பேரு மட்டும்."

எனக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை. திரும்பக் கேட்டேன். அவர் திரும்பச் சொன்னார்.

"எங்க போறது?"

"சிதம்பரத்துக்கு அந்தாண்ட பிச்சாவரம்னு இருக்குது. எங்க கம்பெனியில ஒருத்தன் அந்த ஊருக்காரன். கடலோரமா கால்வா கால்வாயா தண்ணி. ரெண்டு பக்கமும் மரம் தண்ணிக்குள்ளயே காலு வுட்டுகினு நிக்குமாம். தோணியில உக்காந்தா இட்டுகினு போவாங்க. உள்ள போய்ட்டா ஒரு ஈ காக்கா இருக்காதாம்."

"தோணிக்காரன் இருப்பான் இல்ல?"

"அவன் தோணியத் தள்ளுவானா, நம்மளப் பாப்பானா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூழ்ப் பாத்திரத்தை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்கக் கை வேலை செய்தது, மனசு தண்ணீரில் இருந்தது.

அவர் பட்டாளத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மற்ற நாட்களுக்கெல்லாம் ஏதோ ஒரு வேலை சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு நாளுக்குள் போய்த் திரும்ப வேண்டும். மறுநாள் சாயங்காலம் விழுப்புரத்தில் அவருக்கு ரயில்.

அடுத்த சில நாட்கள் நாங்கள் திட்டம் போட்டோம். எப்படித் திட்டம் போட்டோம் என்கிறீர்கள்? நான் தண்ணீர் கொடுக்கும்போது ஒரு வார்த்தை. அவர் கை கழுவும்போது ஒரு வார்த்தை. மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது அவர் தொட்டியின் ஓரத்துத் தவிட்டில் விரலால் கோடு கிழித்தார். இது உளுந்தூர்பேட்டை, இது விருத்தாசலம், இது சிதம்பரம். ஒவ்வொரு இடத்திலும் வண்டிக்கு நிற்கிற நேரத்தைச் சொன்னார். முதல் வண்டியில் ஏறினால் வெயில் ஏறுவதற்குள் தோணியில் உட்காரலாம். ஒரு மணி நேரம் தண்ணீரில். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் வீடு. மாடு வந்து அந்தச் சிதம்பரத்தை நக்கிவிட்டது.

"பால் கறக்கணுமே?" என்றேன்.

"கோடி வூட்டு அண்ணிகிட்ட சொல்லிக்கலாம்."

"சோறு?"

"புளிச்சோறு கிளறிக்கோ. ரெண்டு பேருக்கு மட்டும். கம்மியா."

ரெண்டு பேருக்கு மட்டும் என்ற வார்த்தையை நான் அடுப்படியில் எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்தேனோ தெரியாது. அந்தச் சில நாட்கள் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை.

சாமி பேரைச் சொன்னார்

வீட்டில் சொல்ல வேண்டுமே. ரெண்டு பேரும் தோணியில் போகப் போகிறோம் என்று பெற்ற தாயிடம் எந்த மகன் சொல்வான்? அவர் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"எம்மா, போறதுக்கு முன்னாடி சிதம்பரம் கோயிலுக்கு ஒரு தபா போய்ட்டு வந்துட்றோம். நானும் தனமும்."

மாமியார் குழம்பு ஊற்றிய கரண்டியோடு அப்படியே நின்றார். எனக்கு இன்னும் குழந்தை இல்லை. அதற்காகத்தான் மகன் வேண்டிக்கொள்ளப் போகிறான் என்று அவர் நினைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ராசா, எனக்கு இது தோணவே இல்லியே. அந்த மாதிரி வேண்டுதல்னா குடும்பத்தோட போவணும்டா. வசந்தாவுக்கும் நல்ல எடம் அமையட்டும். பெரியவனுக்கும் சொல்லி அனுப்பறேன்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ரசச் சட்டியைப் பார்த்தேன்.

கிணற்றடியில் அவர் சொன்னார்: "கோயில சீக்கிரம் முடிச்சிகினு, பக்கத்துல ஒரு எடம் இருக்குதுன்னு இட்டுகினு போய்ட்றேன். அங்க போனா ஏதாச்சும் வழி கெடைக்கும்."

நான் எட்டுப் பேருக்குப் புளிச்சோறு கிளறினேன்.

வெயில் நகர்ந்தது

சிதம்பரத்தில் இறங்கும்போதே நேரம் ஆகிவிட்டது. விருத்தாசலத்தில் ஒரு வண்டியை, பிள்ளைகள் வடை கேட்டு அழுததில் விட்டிருந்தோம். கோயிலுக்குள் மாமியார் ஒவ்வொரு தூணையும் தொட்டுக் கும்பிட்டார். எனக்காகத்தான். ஒவ்வொரு சந்நிதியிலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "நல்லா வேண்டிக்கோ" என்றார். நான் கண்ணை மூடினால் தண்ணீருக்குள் கால் விட்ட மரங்கள்தான் தெரிந்தன. சாமி முன்னால் இப்படியா என்று எனக்கே கூசியது. அடுத்த சந்நிதியிலும் அதே மரங்கள்.

நடை சாத்திய பிறகு பிரகாரத்து நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்டு மாமியார் முந்தானையை விரித்துப் படுத்துவிட்டார். கல்தரையில் வெயில் நகர்வதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல், "அத்த, போலாமா?" என்றேன்.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "இன்னாடி அவசரம் உனக்கு? வூட்ல புள்ள அழுவுதா?"

ஓரகத்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளை இல்லாதவளிடம் அந்தக் கேள்வி. அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. வாயில் வந்துவிட்டது. ஆனாலும் காது மடல் வரைக்கும் எனக்குச் சுட்டது.

என் கணவர்தான் எழுந்து, பக்கத்தில் ஒரு இடம் இருக்கிறது, தோணி விடுவார்கள், பிள்ளைகள் பார்க்கட்டும் என்று எல்லோரையும் கிளப்பினார். வசந்தா குதித்தாள்.

பெரியது ஒன்று, சின்னது ஒன்று

பிச்சாவரத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. உப்பும் சேறும் கலந்த வாடை. அவர் சொன்ன மாதிரியே மரங்கள் தண்ணீருக்குள் கால் விட்டு நின்றன. அவற்றின் நடுவே கால்வாய் ஒன்று வளைந்து உள்ளே போய் மறைந்தது.

தோணிகள் பெரும்பாலும் போய்விட்டன. இரண்டு மட்டும் கட்டிக் கிடந்தன. ஒன்று பெரியது. ஒன்று சின்னது.

தோணிக்காரர் எங்களை ஒரு நோட்டம் பார்த்தார். நல்ல மனிதர். நல்லதைத்தான் சொன்னார்.

"பெரிசுல இவங்க எல்லாம் ஏறிக்கிடட்டும். சின்னதுல புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு போவலாம். என் தம்பி வருவான். இங்க வர்ற சோடிங்க எல்லாம் அதுலதான் போவாங்க. யாரு புருசன் பொண்டாட்டி?"

அண்ணனுக்கும் ஓரகத்திக்கும் பிள்ளைகள் இருந்தன. மிச்சம் இருந்தது நாங்கள்.

மூன்று வருஷமாகக் கிடைக்காதது, அதோ, ஒரு கயிற்றில் கட்டிக் கிடந்தது. அவர் "நாங்கதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மாமியார் என்னைப் பார்த்தார். என் மாம்பழ நிறப் புடவையைப் பார்த்தார். தலையில் நான் வைத்திருந்த பூவைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"இதுக்குத்தானா சிதம்பரம்?"

அவர் சட்டென்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

"அய்ய, எனக்கு இன்னாம்மா தெரியும்? இவதான் போட்ல போவணும், போட்ல போவணும்னு உசுர எடுத்தா."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வசந்தா, "அண்ணிக்கு ஆசையப் பாரு!" என்றாள். தோணிக்காரரும் சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

என் உடம்பில் துணி இல்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. மோட்டார் கொட்டகையில் பேசியது, தவிட்டில் கிழித்த கோடு, எல்லாமே என்னுடைய அரிப்பு என்று ஆகிவிட்டது.

"எனக்குத் தண்ணின்னா பயம். நீங்கல்லாம் போய்ட்டு வாங்க. நான் சாமானுங்களப் பாத்துக்கறேன்" என்றேன்.

யாரும் வற்புறுத்தவில்லை. செருப்புகளை என் பக்கத்தில் கழற்றி விட்டார்கள். பைகளை வைத்தார்கள். ஏழு பேரும் பெரிய தோணியில் நெருக்கி உட்கார்ந்தார்கள். அவர் கடைசியாக ஏறினார். ஒரு கணம் நின்றார். திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். தோணி ஆடியது, உட்கார்ந்துவிட்டார்.

வளைவில் தோணி மறைந்தது. வசந்தாவின் சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் தண்ணீரின் மேல் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை. சின்னத் தோணி என் எதிரில் ஆடிக்கொண்டிருந்தது.

டீக்கடை அம்மா

கரையில் ஒரு கீற்றுக் கொட்டகையில் டீக்கடை. கடைக்கார அம்மா என்னை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் ஒரு டீயைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"நீ போவலியாம்மா?"

"பயம்."

"உன் வூட்டுக்காரரு வர்லியா?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் இன்றும் எனக்குப் பதில் தெரியாது. வாய் தானாகச் சொல்லிற்று.

"அவரு பட்டாளத்துல இருக்கிறாரு."

"அப்ப அந்த மீசக்காரத் தம்பி?"

"கொழுந்தனாரு."

அந்த அம்மா தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் டீயைக் குடித்தேன். ருசி தெரியவில்லை.

தோணி திரும்பி வந்தது. பிள்ளைகள் நண்டைப் பார்த்தோம், கொக்கைப் பார்த்தோம் என்று கத்திக்கொண்டு இறங்கினார்கள். அவர் முன்னால் நடந்து கடைப் பக்கம் வந்தார். நான் குனிந்து செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடை அம்மா அவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"தம்பி, உங்க அண்ணி பாவம், தனியா குந்திகினு இருந்துது. நான்தான் ஒரு டீ குடுத்தன்."

நான் தலை தூக்கவில்லை. அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. வெறும் கால்கள். சேறு. அவை கொஞ்ச நேரம் அசையவே இல்லை.

ஊர் வந்து சேரும்போது தெரு அடங்கியிருந்தது. மறுநாள் மத்தியானம் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடம் "வர்றன்" என்றார். நான் "ம்" என்றேன்.

போட்டுக்காரி

கதை எப்படியோ தெருவுக்கு வந்துவிட்டது. வசந்தா சிரிப்பதற்காக யாரிடமோ சொல்லியிருப்பாள். நடவுக்கு வந்த பெண்கள் சேற்றில் குனிந்தபடியே, "இன்னா போட்டுக்காரி, தோணி எப்ப கெளம்புது?" என்பார்கள். குழாயடியில் யாராவது ஒருத்தி துடுப்புப் போடுகிற மாதிரி கையை ஆட்டுவாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவர்களுக்குச் சிரிக்க ஏதாவது வேண்டும். அந்த வருஷம் அது நானாக இருந்தேன்.

மாமியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. போர்வையை மடித்துப் பரண்மேல் போட்டுவிட்டார்.

அவருடைய கடிதங்கள் வந்தன. மாடு, கிணறு, வசந்தா கல்யாணம். கடைசி வரி மட்டும் நின்றுபோயிற்று. வசந்தா வாசித்து முடித்துவிட்டுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவளுக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "எடம் பத்தலபோல அண்ணி" என்பாள். பாதித் தாள் வெறுமையாக இருக்கும்.

மலை வண்டி

அடுத்த வருஷம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்த மார்கழியில், நான் என் அம்மா வீட்டில் இருந்தேன். கச்சிராயபாளையம். கல்வராயன் மலை வீட்டு வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும். தம்பிக்குக் காய்ச்சல் என்று போயிருந்தேன்.

ஒரு காலையில் வாசல் பெருக்கிக்கொண்டிருக்கிறேன், பச்சைப் பெட்டியோடு அவர் வந்து நிற்கிறார். வசந்தாவின் கடிதத்தில் நான் இங்கே இருப்பது தெரிந்து, கள்ளக்குறிச்சியில் இறங்கி, சொந்த ஊருக்குப் போகாமல், நேராக இங்கே வந்திருந்தார். பெற்ற தாயைப் பார்க்குமுன் பெண்டாட்டியைப் பார்க்க வந்த பட்டாளத்துக்காரரை எங்கள் தெருவே வெளியில் வந்து பார்த்தது. நான் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

காபி குடித்ததும் என் அப்பாவிடம் சொன்னார்: "மாமா, வெள்ளிமல வரிக்கும் போய்ட்டு வர்றோம். நாங்க ரெண்டு பேரு மட்டும்."

"கோயிலுக்கா மாப்ள?"

"இல்லீங்க. சும்மா."

அப்பா என்ன சொல்வதென்று தெரியாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மலைக்குப் போகும் வண்டியில் பாதி ஆட்கள், பாதி மூட்டை. நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். அவர் வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"சார், லேடிஸ் சீட்டு" என்றார் கண்டக்டர்.

"என் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்துகினு இருக்கிறன். யாருக்கு இன்னா?"

வண்டியே திரும்பியது. நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினேன்.

வளைவுகள் ஆரம்பித்ததும் அவருக்கு முகம் வெளுத்தது. பனி மலைகளில் காவல் நின்றதாகச் சொன்னவர், எங்கள் மலையின் மூன்றாவது வளைவில் வாயைப் பொத்திக்கொண்டார். நான் எழுந்து கத்தி வண்டியை நிறுத்தினேன். இறங்கி ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அடுத்த வண்டியில வாங்க" என்று விசில் கொடுத்துவிட்டார். அடுத்த வண்டி மத்தியானத்துக்கு மேல்தான்.

மதகுக் கட்டையில் உட்கார வைத்தேன். கீழே பள்ளத்தாக்கில் மூடுபனி கலையவில்லை. ஒரு வாகனம் இல்லை. கடுக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு மலைப் பெண்கள் எங்களைக் கடந்து போனார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

அவர் தலை குனிந்தபடியே கையை நீட்டினார்.

"அண்ணி, கொஞ்சம் தண்ணி குடுங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. பாட்டிலைக் கொடுத்தேன். குடித்தார். முகத்தைக் கழுவினார்.

"அந்தம்மா அப்படிச் சொன்னப்போ எனக்குக் கோவம் வரும்னு பாத்தன் தனம். வர்ல. நீ சரியாத்தான் சொல்லியிருக்கிறன்னு தோணிச்சி. புருசன்னா அன்னிக்கு வாயத் தொறந்து ஆமான்னு சொல்லியிருப்பான் இல்ல?"

நான் பாட்டிலை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அங்க போய் ஒரு நாளு வுடாம அதான். டூட்டியில நிக்கும்போது அதான். லெட்டர்ல உன் பேர எழுதக் கை வர்ல. எந்த மூஞ்ச வெச்சிகினு எழுதறது?"

"நான் அப்டி சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"நீ சொன்னது ஒருத்திகிட்ட. நான் சொன்னது ஊருக்கே கேட்டுச்சி."

பிறகு நாங்கள் ரொம்ப நேரம் பேசினோம். என்னென்ன பேசினோம் என்று எழுத மாட்டேன். நான் அழுதேன், அவரும் அழுதார். பசித்தது. தின்ன ஒன்றும் இல்லை. மத்தியான வண்டி மேலேயிருந்து கீழே இறங்குகிற வண்டியாக வந்தது. வெள்ளிமலையைப் பார்க்காமலே அதில் ஏறித் திரும்பிவிட்டோம்.

"பாய எடு"

மறுநாள் களமருதூர் போனோம். நேராகப் பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விட்டு, பிறகு அம்மாவைப் பார்க்க வந்த மகனை என் மாமியார் வாசலில் நின்றே பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டார். அண்ணனும் ஓரகத்தியும் வந்திருந்தார்கள். வசந்தா அடுத்த மாசம் கல்யாணம் ஆகிப் போகிறவள், அவளும் இருந்தாள்.

இவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"எம்மா, அந்தப் பிச்சாவரம் போட்டு, அது இவ கேக்கல. நான்தான் கூப்ட்டன். ரெண்டு பேரும் தனியா போவணும்னு நான்தான் ஆசப்பட்டன். மோட்டார் கொட்டாயில வெச்சி."

எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மோட்டார் கொட்டகையை எதற்குச் சொல்ல வேண்டும்! அண்ணன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. மாட்டைப் பார்ப்பதாக எழுந்து போனார்.

மாமியார் மகனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஊரே சிரிச்சிகினு இருந்துது. நீ ஏன்டி ஒரு வார்த்த சொல்லல என்கிட்ட?"

"எப்படி அத்த சொல்றது?"

மோரை எடுத்து எனக்குத்தான் முதலில் ஊற்றினார். ஊற்றும்போது அவர் கண் தட்டிலேயே இருந்தது. வெட்கப்படுகிறார் என்று எனக்குப் புரிவதற்கே நேரம் ஆயிற்று. அந்த முகத்தில் நான் அதற்கு முன் வெட்கத்தைப் பார்த்ததே இல்லை.

விளக்கு வைத்ததும் எழுந்தார். பரணிலிருந்து போர்வையை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"வசந்தா, பாய எடு. பெரியவன் வூட்ல படுத்துக்கலாம்."

"ஏம்மா?"

"எடுன்னா எடுடி."

பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையணையை வசந்தாவிடம் கொடுத்து, இருவரும் தெருவில் இறங்கினார்கள். நான் வாசல்படியில் கதவுக்குப் பின்னால் நின்றேன். தெருவில் எல்லோரும் வெளியில் இருந்தார்கள். எதிர்வீட்டு அம்மா கேட்காமல் இருப்பாரா?

"இன்னா பாயோட கெளம்பிட்டீங்க?"

மாமியார் நடையை நிறுத்தவில்லை. தெருக்கோடிக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"வூட்ல ஒரே புழுக்கம். காத்தே வர்ல."

மார்கழி மாசம். வாய் திறந்தால் புகை வருகிற குளிர்.

தெருவே சிரித்தது. நான் கதவைச் சாத்தினேன்.